அனாமத்து

இந்தத் தெருவை நான் ரசீதுகளாகத்தான் அறிவேன்.
ஜாலான் புசார் பக்கம், இருபத்தேழாம் எண், மாடி.
கண்ணாடிக் கதவில் உரிந்துபோன எழுத்து:
அங்கயற்கண்ணி, கணக்கு, வரி, ஜிஎஸ்டி.
கடைசி 'டி' விழுந்து மூன்று வருஷமாகிறது.
யாரும் கேட்கவில்லை.

கடை திறக்கும்போது என்னைக் கூப்பிட மறந்துவிடுவார்கள்.
மூடும்போது மறக்க மாட்டார்கள்.
பிளாஸ்டிக் பையில், பிஸ்கட் டின்னில்,
ஒருமுறை ரைஸ் குக்கருக்குள்
ரசீதுகள் படியேறி வந்திருக்கின்றன.

டயர் கடை கரோக்கே ஆனது.
கரோக்கே, போலீஸ் வந்துபோன பிறகு,
ஒரு மழைக்காலம் பூட்டிக் கிடந்து
பல் மருத்துவரானது.
இப்போது அங்கே நாய்க்கு முடி வெட்டுகிறார்கள்,
தலைக்கு எண்பது வெள்ளி.
என் தலைக்குப் பதினெட்டு.

முகப்பைத் தொடக் கூடாது, சட்டம்.
பூ ஓடு, மரச் சன்னல் எல்லாம் அப்படியே.
முகம் மாறாமல் வயிற்றை மட்டும்
மாற்றிக்கொண்டே இருக்கும் வரிசை.

இருபத்தொன்பதில் வைரக்கண்ணு அண்ட் சன்ஸ்,
டிரங்குப் பெட்டி, சூட்கேஸ்.
சன்ஸ் இருவரும் பெர்த்தில்;
கல்லாவில் ஒருநாள் உட்கார்ந்ததில்லை.
முப்பத்தொன்றில் கோ பூன் லியோங், சைக்கிள்.
ஒரு நாள் அஞ்சடியில் ஒரு சைக்கிள் கோடு தாண்டி
சூட்கேஸ் அடுக்கின் மேல் சாய்ந்தது.
அதோடு பேச்சு நின்றது.
பதினோரு வருஷம்.

இரண்டு பேர் ஏட்டையும் நான்தான் எழுதினேன்.
பூன் லியோங் ஏட்டில் மாதந்தோறும்
முப்பத்தைந்து வெள்ளி போகும்.
எங்கே என்று கேட்டால்
"எழுது லா, ஏதாவது எழுது" என்பார்.
அனாமத்து என்று எழுதினேன்.
வைரக்கண்ணு ஏட்டில் மாதந்தோறும்
முப்பத்தைந்து வெள்ளி வரும்.
"கதவுக்கடியில் கிடந்துச்சு" என்பார்.
அதையும் அனாமத்து என்றே எழுதினேன்.

ஒரே மேசை, ஒரே பேனா.
பற்று ஒரு ஏட்டில், வரவு இன்னொன்றில்.
சேர்த்துப் பார்க்க எனக்கு உரிமையில்லை.
பார்த்தேன்.
வாய் திறக்கவில்லை.

ஒன்றரை அடி இடத்துக்கு வாடகையா,
நசுங்கிய சூட்கேஸுக்குத் தவணையா,
அப்படியென்றால் அது எந்த ஊர் சூட்கேஸ்,
தெரியாது.
வைரக்கண்ணு இறந்த மாதமும்
முப்பத்தைந்து போயிருக்கிறது.
அடுத்த மாதம் இல்லை.

இப்போது இரண்டும் ஒன்று.
நடுச்சுவரை இடித்து ரெய்ஹான் கோப்பிக் கடை போட்டிருக்கிறான்.
கோப்பி ஏழரை வெள்ளி.
நல்ல சாந்தைச் சுரண்டிச் செங்கலைக் காட்டியதற்கு
எட்டாயிரத்து நானூறு, ரசீது என்னிடம்.
புதுசாக்கியதற்குத் தேய்மானம் போடத் தெரியும்.
பழசாக்கியதற்கு?
"ரெனவேஷன்னு போடுங்கக்கா" என்றான்.
போட்டேன்.

எனக்கும் கடிதம் வந்துவிட்டது.
புதிய முதலாளி மூன்று எழுத்துக் கம்பெனி.
டிசம்பர் வரை இருக்கலாமாம்.
ஐந்து வருஷத்துக்கு மேல் ஏடுகளை வைத்திருக்கத் தேவையில்லை.
அரைத்துக் கூழாக்கும் வேன் திங்கட்கிழமை வந்தது.
பதினான்கு பெட்டி இறக்கிக் கொடுத்தேன்.
இரண்டு ஏடுகள் மட்டும் கைப்பையில் தங்கிவிட்டன.
கைப்பை மூடவில்லை.

அவற்றோடு ரெய்ஹான் கடைக்குப் போனேன்.
தரையில் இடித்த சுவரின் தடம்,
ஒரு சாண் அகலத்துக்கு வெறும் சிமெண்டு.
இந்தப் பக்கம் பச்சை ஓடு, அந்தப் பக்கம் சிவப்பு.
என் மேசைக்கு இரண்டு கால் பச்சையில், இரண்டு சிவப்பில்.
கோப்பி வைத்ததும் ஆடியது.
பரிமாறும் பெண் கல்லாவுக்குப் போய்
ஒரு ரசீதை எடுத்து நாலாக மடித்து
சிவப்புப் பக்கக் காலடியில் செருகினாள்.

மாதக் கடைசியில் அது கணக்கில் குறையுமே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு கோப்பியைக் குடித்தேன்.